எந்த ஈய அமில பேட்டரி உண்மையில் மலிவு?

சாதாரணத் தட்டைத் தகட்டு பேட்டரியைவிட டியூபுலர் (குழாய்த் தகட்டு வகை) ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை, ஜெல் (அமிலத்தைக் கூழாக்கிய மூடிய வகை) இரண்டு மடங்கு, ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடியிழை விரிப்பில் உறிஞ்சி வைத்த மூடிய வகை) இவற்றுக்கு நடுவே எங்கோ இருக்கிறது. கொடுக்கிற கூடுதல் பணத்துக்கு ஏற்ப இவை கூடுதலாக உழைக்குமா என்பதுதான் கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தினமும் சார்ஜில் பாதியளவோ அதற்கு மேலோ இறக்கி ஏற்றுகிற வேலையாக இருந்தால், டியூபுலருக்குக் கொடுக்கும் கூடுதல் விலை நிச்சயம் திரும்பக் கிடைக்கும். மின்தடை அபூர்வமாகவே வரும், வந்தால் கால் மணி நேரத்துக்குப் பெரிய சுமையைத் தாங்க வேண்டும் என்ற இடத்துக்கு ஏஜிஎம் பொருத்தம். ஜெல்லுக்கு இரட்டை விலை கொடுக்க வேண்டுமானால், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடம், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் இயங்கும் கருவி என்று உறுதியான காரணம் ஒன்று வேண்டும். வாகனத்தை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை மின்சேமிப்புக்கு வாங்குவது, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நட்டம்தான்.

இனி காரணங்கள். விலைப்பட்டியலை மட்டும் பார்த்து இந்த முடிவுகளுக்கு வர முடியாது. பேட்டரி எப்படிச் சாகிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கூடுதல் விலை எதற்காக என்பது விளங்கும்.

1859இல் பிரெஞ்சு அறிவியலாளர் கஸ்தோன் பிளாந்தே முதல் ஈய அமில பேட்டரியைச் செய்த நாளிலிருந்து உள்ளே நடக்கும் வேதியியல் மாறவில்லை. நேர்முனைத் தகட்டில் ஈய டை ஆக்சைடு, எதிர்முனைத் தகட்டில் பஞ்சு போன்ற ஈயம், இரண்டுக்கும் இடையே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்கும்போது இரு தகடுகளின் பூச்சும் ஈய சல்ஃபேட்டாக மாறுகிறது, சார்ஜ் செய்யும்போது பழையபடி திரும்புகிறது. ஒரு செல்லுக்குச் சுமார் 2 வோல்ட்; ஆறு செல்களைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட் பேட்டரி. எல்லா வகைக்கும் இது பொது. வேறுபாடு மூன்று இடங்களில்தான் இருக்கிறது: தகட்டின் வடிவம், தகட்டைத் தாங்கும் சட்டகத்தின் உலோகக் கலவை, அமிலத்தை வைத்திருக்கும் முறை.

தகட்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நேர்முனைத் தகடுதான். ஈய டை ஆக்சைடு சல்ஃபேட்டாக மாறும்போது அதன் கன அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, சார்ஜ் ஏறும்போது மறுபடி சுருங்குகிறது. உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, பூச்சின் துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடிப்பு தளர்கிறது. கடைசியில் உதிர்ந்து பெட்டியின் அடியில் சேறாகப் படிகின்றன. எவ்வளவு ஆழமாக இறக்குகிறோமோ அவ்வளவு உப்பல், அவ்வளவு உதிர்வு. இதோடு, பேட்டரியைப் பயன்படுத்தாமல் சார்ஜிலேயே வைத்திருந்தாலும் நேர்முனைச் சட்டகம் மெல்ல அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். முதல் சேதம் எத்தனை முறை இறக்கி ஏற்றினோம் என்பதைப் பொறுத்தது, இரண்டாவது எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு பேட்டரிக்கும் ஆக இரண்டு ஆயுள்கள் உண்டு: சுழற்சி ஆயுள், நாட்காட்டி ஆயுள். எது முதலில் முடிகிறதோ அதுவே உங்கள் பேட்டரியின் ஆயுள். விலை ஒப்பீட்டில் பெரும்பாலோர் தவறவிடுவது இந்த ஒன்றைத்தான். பின்னால் கணக்கில் இது எப்படி விளையாடுகிறது என்று பார்க்கலாம்.

வாகன ஸ்டார்ட்டர் பேட்டரியில் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். பரப்பு அதிகம் என்பதால் சில வினாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தர முடிகிறது. ஒரு முறை ஸ்டார்ட் செய்ய அதன் கொள்ளளவில் சில விழுக்காடுகூடச் செலவாவதில்லை, உடனே வண்டியின் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் நிரப்பிவிடும். அந்த வேலைக்கு அது அருமையான பொருள். அதையே இரவு முழுவதும் விளக்கும் மின்விசிறியும் ஓட்ட 80 விழுக்காடு வரை இறக்கினால், மெல்லிய தகட்டின் பூச்சு சில பத்துச் சுழற்சிகளிலோ, நல்ல தயாரிப்பானால் நூற்றைச் சற்றுத் தாண்டியோ உதிர்ந்துவிடும்.

ஆழ்ந்த இறக்கத்துக்கான தட்டைத் தகட்டு பேட்டரியில் தகடு தடிமன், பூச்சு அடர்த்தி, சட்டகத்தின் ஈயத்தில் ஆண்டிமனி என்ற தனிமத்தின் கலப்பு எல்லாம் கூடுதல். கோல்ஃப் வண்டிகளில் இருக்கும் 6 வோல்ட் பேட்டரிகள் இந்த இனத்தில் தரமானவை. இன்வெர்ட்டருக்கென்று விற்கப்படும் மலிவான தட்டைத் தகட்டு பேட்டரிகள் பல, ஸ்டார்ட்டர் பேட்டரிக்கும் இவற்றுக்கும் இடைப்பட்டவை.

டியூபுலரின் கூடுதல் விலை எங்கே போகிறது என்று பார்த்தால், அது கண்ணுக்குத் தெரிகிற ஒன்றுக்காகப் போகிறது. நேர்முனைத் தகடு இங்கே சீப்பு வடிவில் வார்க்கப்பட்ட ஈயக் கம்பிகளின் வரிசை. ஒவ்வொரு கம்பியையும் சுற்றி பாலியெஸ்டர் இழையால் நெய்த துளையுள்ள குழாய் ஒன்று, குழாய்க்குள் பூச்சுப்பொருள். அமிலம் உள்ளே போய்வர முடியும், துகள்கள் வெளியே உதிர முடியாது. உப்பிச் சுருங்குவது இங்கேயும் நடக்கிறது. ஆனால் தளர்ந்த துகளையும் குழாய் இறுக்கிப் பிடித்துக் கம்பியோடு தொடர்பில் வைத்திருக்கிறது. ஆழ்ந்த இறக்கத்தால் வரும் சாவை இந்த ஒரு குழாய் பல நூறு சுழற்சிகளுக்குத் தள்ளிப்போடுகிறது. கம்பிகளை உயர் அழுத்தத்தில் வார்த்தால் உள்ளே காற்றுக்குமிழிகள் நிற்காது, அரிப்பும் மெதுவாகும். சிக்கலான தயாரிப்பு, கூடுதல் ஈயம், கூடுதல் அமிலம். விலை உயர்வது நியாயமே.

இதில் குறைகளும் உண்டு. தடித்த குழாய்களுக்குள் அமிலம் ஊடுருவ நேரம் எடுக்கும் என்பதால் டியூபுலர் பேட்டரி அவசரமாகப் பெரிய மின்னோட்டத்தைத் தருவதில் பின்தங்கும். பத்து மணி நேரம் மெதுவாக எடுத்தால் முழுக் கொள்ளளவையும் தருகிற அதே பேட்டரியை ஒரு மணி நேரத்தில் காலியாக்கப் பார்த்தால் மின்னழுத்தம் விரைவில் சரிந்து பாதியளவே கிடைத்தது போலிருக்கும். உயரமான செல்களில் அடர்ந்த அமிலம் அடியிலும் நீர்த்த அமிலம் மேலேயும் அடுக்காகத் தேங்குவதும் இதன் இன்னொரு சிக்கல். அவ்வப்போது குமிழி விடுமளவுக்கு முழு சார்ஜ் கொடுத்தால்தான் அமிலம் கலங்கிச் சமனாகும்; இதைச் சமன்செய் சார்ஜ் என்பார்கள்.

தண்ணீர் ஊற்றும் தொல்லைக்குக் காரணம் ஆண்டிமனி. அது பூச்சைச் சட்டகத்தோடு நன்றாகப் பிணைக்கிறது, ஆழ்ந்த சுழற்சியைத் தாங்க உதவுகிறது. ஆனால் நேர்முனையிலிருந்து கரைந்து எதிர்முனையில் படியப் படிய, சார்ஜ் செய்யும்போது நீர் பிரிந்து வாயுவாகப் போவது அதிகமாகிறது. பேட்டரிக்கு வயது ஏற ஏறத் தண்ணீர் கூடுதலாகக் குடிப்பது இதனால்தான். கால்சியம் கலந்த சட்டகம் தண்ணீரை மிகக் குறைவாகவே இழக்கும், அதனால் பராமரிப்பில்லா பேட்டரிகள் எல்லாம் கால்சியத்தின் பக்கம் போயின. ஆண்டிமனியை நீக்கியதும் ஆழ்ந்த சுழற்சிகளில் கொள்ளளவு முன்கூட்டியே சரியும் நோய் தலைகாட்டியது. வெள்ளீயம் சேர்த்தும், பூச்சை இறுக்கி அழுத்தியும் அதைப் பெருமளவு கட்டுப்படுத்தினார்கள். பராமரிப்பில்லாமை, ஆழ்ந்த இறக்கத்தைத் தாங்கும் திறன் இரண்டையும் ஒரே பேட்டரியில் மலிவாகப் பெறுவது கடினம் என்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

மூடிய வகைகள் இரண்டு. ஏஜிஎம்மில் நுண்ணிய கண்ணாடியிழை விரிப்பு அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது. ஜெல்லில் சிலிக்கா தூளைக் கலந்து அமிலத்தையே கெட்டிக் கூழாக்கிவிடுகிறார்கள். இரண்டிலும் நேர்முனையில் பிறக்கும் ஆக்சிஜன் எதிர்முனைக்குக் கடந்து போய் மறுபடி நீராகிவிடுகிறது, அதனால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. ஏஜிஎம்மின் உள்மின்தடை (மின்னோட்டத்துக்குப் பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை) மிகக் குறைவு. வேகமாகத் தரும், வேகமாக ஏற்கும். ஜெல் அதைவிட மெதுவானது, ஆனால் அமிலம் அடுக்காகத் தேங்காது, ஆழ்ந்த இறக்கத்தை ஏஜிஎம்மைவிட நன்றாகத் தாங்கும். குழாய்த் தகட்டையும் ஜெல்லையும் சேர்த்துச் செய்யும் ஓபிஇசட்வி வகை இரண்டின் நன்மையையும் கொண்டது. அதற்குரிய விலையும் இருக்கிறது.

ஏஜிஎம்மைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "மூடியது, பராமரிப்பில்லாதது, ஆகவே தரம் உயர்ந்தது" என்று விற்கிறார்கள். சாதாரண ஏஜிஎம்மின் சுழற்சி ஆயுள் நல்ல தட்டைத் தகட்டு பேட்டரியைவிடப் பெரிதாகக் கூடுதல் இல்லை. நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலை கசியாமைக்கும், வேகத்துக்கும், தண்ணீர் ஊற்றாத வசதிக்கும். அவை தேவையென்றால் தாராளமாகக் கொடுங்கள். நீண்ட ஆயுளுக்காகக் கொடுப்பதாக நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இப்போது கணக்கு. உண்மை விலைகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் தட்டைத் தகட்டு பேட்டரியின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். அதே கொள்ளளவுக்கு டியூபுலர் 150, ஏஜிஎம் 170, ஜெல் 200, தொலைத்தொடர்பு நிலையங்களில் வைக்கும் 2 வோல்ட் டியூபுலர் செல்களான ஓபிஇசட்எஸ் 280 என்று கொள்வோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்றால் மொத்தம் 1.8 யூனிட் மின்சாரம். ஒவ்வொரு முறையும் பாதி இறக்கினால் 0.9 யூனிட். 50 விழுக்காடு இறக்கத்தில் சுழற்சி எண்ணிக்கையைத் தயாரிப்பாளர்களின் தரவுத்தாள்களில் வழக்கமாகக் காணும் அளவுகளை ஒட்டி, தட்டைத் தகட்டுக்கும் ஏஜிஎம்முக்கும் 500, ஜெல்லுக்கு 800, டியூபுலருக்கு 1,500, ஓபிஇசட்எஸ்ஸுக்கு 2,500 என எடுக்கிறேன்.

தட்டைத் தகடு தன் வாழ்நாளில் 450 யூனிட் தரும். 100 யூனிட் மின்சாரத்தைச் சேமித்துத் தர ஆகும் செலவு 22. டியூபுலர் 1,350 யூனிட் தரும்; செலவு 11. ஏஜிஎம்முக்கு அதே செலவு 38, ஜெல்லுக்கு 28, ஓபிஇசட்எஸ்ஸுக்கு 12. தினமும் ஒரு சுழற்சி என்றால் தட்டைத் தகடு ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும், ஜெல் இரண்டு ஆண்டுகளைச் சற்றுத் தாண்டும், டியூபுலர் நான்கு ஆண்டுகள், ஓபிஇசட்எஸ் ஏறக்குறைய ஏழு. கடைக்காரர் முன் மலிவாக நின்ற பேட்டரி, பயன்பாட்டில் டியூபுலரைப் போல இரண்டு மடங்கு செலவு வைக்கிறது. இந்த எண்களை உங்கள் ஊர் விலையோடும், வாங்கப்போகும் மாதிரியின் தரவுத்தாளோடும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்; கணக்கு முறை ஒன்றேதான்.

அதே பேட்டரிகளை வாரம் ஒரு முறை மட்டும் பாதி இறக்கும் வீட்டில் வைத்துப் பாருங்கள். தட்டைத் தகட்டின் 500 சுழற்சிகள் முடியக் கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் ஆகும், ஆனால் அது அதுவரை இருக்காது. மூன்று, நான்கு ஆண்டுகளில் சட்டக அரிப்பும் சல்ஃபேட் படிவும் கணக்கை முடித்துவிடும். டியூபுலரின் 1,500 சுழற்சிகளுக்கு 29 ஆண்டுகள் வேண்டும். அதுவும் ஆறு, ஏழு ஆண்டுகளோடு நின்றுவிடும். இங்கே ஆண்டுக்கு ஆகும் செலவு தட்டைத் தகட்டுக்கு ஏறத்தாழ 28, டியூபுலருக்கு 23 போல வரும். இடைவெளி மிகவும் சுருங்கிவிட்டது. ஓபிஇசட்எஸ்ஸின் 2,500 சுழற்சிகளில் பெரும்பகுதி பயன்படாமலே போகும், அதற்கான பணமும் அப்படியே. தண்ணீர் ஊற்ற மறந்துவிடுவோம் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு இப்படிப்பட்ட வீட்டில் நல்ல ஏஜிஎம் தவறான தேர்வு அல்ல.

சுழற்சி எண்ணைப் படிக்கும்போது இறக்க ஆழத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். "1,500 சுழற்சி" என்று ஒருவர் 80 விழுக்காட்டுக்குச் சொல்வார், இன்னொருவர் 30 விழுக்காட்டுக்குச் சொல்வார், இரண்டும் ஒன்றல்ல. பொதுவாக ஆழத்தைப் பாதியாக்கினால் சுழற்சி இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டும், ஆகவே வாழ்நாளில் கிடைக்கும் மொத்த யூனிட் கொஞ்சமே கூடுகிறது. இரட்டிப்புக் கொள்ளளவு வாங்கினால் பேட்டரி பல ஆண்டு நிற்கும் என்ற அறிவுரை பாதி உண்மை: நாட்கள் கூடும், யூனிட்டுக்கான செலவு பெரிதாகக் குறையாது. கூடவே ஓர் ஆபத்தும் இருக்கிறது. சிறிய சார்ஜரோ சிறிய சூரியத் தகடோ வைத்துக்கொண்டு பெரிய பேட்டரியை வாங்கினால் அது ஒருநாளும் முழுதாக நிரம்பாது. சல்ஃபேட் கெட்டிப்பட்டு, வாங்கிய கூடுதல் கொள்ளளவு முதல் ஆண்டிலேயே கரையத் தொடங்கும்.

கொள்ளளவு எண்ணிலும் கவனம் வேண்டும். 1897இல் ஜெர்மானிய அறிவியலாளர் பொய்க்கர்ட் எழுதிக் காட்டியபடி, வேகமாக எடுக்க எடுக்க ஈய அமில பேட்டரி தரும் மொத்த மின்சாரம் குறைகிறது. 20 மணி நேரத்தில் இறக்கினால் 150 ஆம்பியர்-மணி தருவது, 10 மணி நேரத்தில் இறக்கினால் 130ஐ ஒட்டியே தரலாம். பேட்டரி மேல் சி20, சி10, சி100 என்று இருப்பது இந்த நேரத்தைத்தான். ஒரு பேட்டரியின் சி20 எண்ணையும் இன்னொன்றின் சி10 எண்ணையும் பக்கத்தில் வைத்து விலை பேசினால், சி10 எழுதிய நேர்மையான பேட்டரி அநியாயமாக விலை கூடியது போலத் தோன்றும். எப்போதும் ஒரே நேர அளவில் ஒப்பிடுங்கள். சூரிய மின்சாரத்துக்கு சி10, சில நிமிட யுபிஎஸ்ஸுக்கு அந்த நிமிடங்களுக்குரிய அட்டவணை.

எடையும் நம்பகமான சாட்சி. ஈயம் குறைந்தால் ஆயுள் குறையும், அதை எந்த விளம்பரமும் ஈடுகட்டாது. ஒரே கொள்ளளவு எழுதிய இரண்டு பேட்டரிகளில் ஒன்று கணிசமாக இலேசாக இருந்தால் அதன் தகடுகள் மெல்லியவை என்று கொள்ளலாம். உயரமான டியூபுலரில் அமிலம் நிறைய என்பதால் அமிலம் நிரப்பிய எடையை வைத்து அதைத் தட்டைத் தகட்டோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். அமிலமில்லாத எடையைக் கேளுங்கள். தரவுத்தாளில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும்.

இவ்வளவு கணக்கையும் புரட்டிப் போடக்கூடியது வெப்பம். தரவுத்தாளின் ஆயுள் 20 அல்லது 25 டிகிரி செல்சியஸுக்குரியது. அதற்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். பத்து ஆண்டு வடிவமைப்பு ஆயுள் என்று எழுதிய ஏஜிஎம், 35 டிகிரி அறையில் ஐந்து ஆண்டுகளோடு நிற்கும். திரவ அமில வகையில் (தண்ணீர் ஊற்றும் தட்டைத் தகடு, டியூபுலர்) வெப்பத்தால் போகும் தண்ணீரையாவது திரும்ப ஊற்றலாம்; மூடிய வகையில் போன நீர் போனதுதான், உலர்ந்து சாகும். உலர்ந்த ஏஜிஎம்மை அதிக மின்னழுத்தத்தில் தொடர்ந்து சார்ஜில் வைத்தால், சூடு மின்னோட்டத்தைக் கூட்டி, மின்னோட்டம் சூட்டைக் கூட்டி, பெட்டி உப்பி உருகும் நிலைக்கும் போகலாம். வெப்பமான, காற்றோட்டமில்லாத இடத்தில் விலை உயர்ந்த மூடிய பேட்டரியை வைப்பதைவிட, அதே பணத்தில் பாதியைச் செலவழித்து நிழலும் காற்றும் உள்ள இடத்துக்கு ஒரு டியூபுலரை மாற்றுவது எத்தனையோ மேல். திரவ அமில வகைக்குக் காற்றோட்டம் எப்படியும் வேண்டும்: சார்ஜின் முடிவில் வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காட்டைத் தொட்டாலே தீப்பற்றும்.

அடுத்தது சார்ஜ். பேட்டரிகள் அதிகம் சாவது குறைசார்ஜால் என்பது என் உறுதியான கருத்து. முதல் 80 விழுக்காடு வேகமாக ஏறிவிடும். கடைசி 20 விழுக்காட்டுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகலாம், அந்தப் பொறுமைதான் பல அமைப்புகளில் இல்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது முழுதாக நிரம்பாத பேட்டரியில் சல்ஃபேட் படிகங்கள் பருத்துக் கெட்டியாகி, பிறகு சார்ஜுக்கு மசிவதில்லை. அளவுகளும் வகைக்கு வகை வேறு: 12 வோல்ட் பேட்டரிக்கு நிரப்பும் மின்னழுத்தம் திரவ அமில வகையிலும் ஏஜிஎம்மிலும் 14.4 முதல் 14.8 வரை, ஜெல்லுக்குச் சற்றுக் குறைவாக 14.1 முதல் 14.4 வரை. ஜெல்லை அதற்கு மேல் தள்ளினால் கூழுக்குள் வாயுக்குமிழிகள் உருவாகி நிலையான வெற்றிடங்களாக நின்றுவிடும், அந்தக் கொள்ளளவு திரும்பாது. டியூபுலருக்குத் தேவைப்படும் 15.5 வோல்ட்டுக்கு மேற்பட்ட சமன்செய் சார்ஜை ஜெல்லுக்குத் தரும் பழைய சார்ஜர் உங்களிடம் இருந்தால், ஜெல் வாங்கும் விலையோடு புதிய சார்ஜரின் விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் செல்லுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்கும் வெப்ப ஈடு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடிய வகைக்கு அது ஆடம்பரம் அல்ல.

ஏஜிஎம்முக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. திரவ அமில பேட்டரிக்குள் அனுப்பிய மின்சாரத்தில் சுமார் 75 முதல் 80 விழுக்காடு திரும்பக் கிடைக்கும், நல்ல ஏஜிஎம்மில் 85ஐத் தாண்டும். தினமும் சுழலும் அமைப்பில், மின்சாரம் விலை உயர்ந்ததாகவோ ஜெனரேட்டரிலிருந்து வருவதாகவோ இருந்தால் இந்த வேறுபாடும் பணம்தான். மேலே போட்ட கணக்கில் டியூபுலரின் முன்னிலையை இது கவிழ்க்காது, கொஞ்சம் குறைக்கும்.

வாகனத்தைப் பற்றிச் சுருக்கமாக. சிக்னலில் நின்றால் தானே அணைந்து மறுபடி தொடங்கும் வண்டிகளில் ஈஎஃப்பி அல்லது ஏஜிஎம் பேட்டரி வரும். ஈஎஃப்பி என்பது நேர்முனைத் தகட்டைக் கூடுதல் உறுதியாக்கிய திரவ அமில பேட்டரி. வண்டியோடு ஏஜிஎம் வந்திருந்தால் அதற்குப் பதில் சாதாரண பேட்டரியைப் போட்டு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அந்த வண்டியின் சார்ஜ் முறையே அடிக்கடி பாதி நிரம்பிய நிலையில் ஓடுவதற்கானது. சாதாரண பேட்டரி அங்கே விரைவில் கைவிட்டுவிடும். அந்தத் தொழில்நுட்பம் இல்லாத வண்டிக்கு ஏஜிஎம் வாங்குவது பெரும்பாலும் தேவையற்ற செலவு.

எதிர்முனையில் கார்பன் சேர்த்த பேட்டரிகள், முழுதாக நிரம்பாமலே ஓட வேண்டிய சூரிய அமைப்புகளுக்கு உண்மையிலேயே உதவுகின்றன. கார்பன் அங்கே சல்ஃபேட் கெட்டிப்படுவதைத் தடுக்கிறது. முழு சார்ஜ் ஒழுங்காகக் கிடைக்கும் இடத்தில் அதற்கான கூடுதல் பணம் அவ்வளவு பலன் தராது. தினமும் 80 விழுக்காடு இறக்குவதுதான் உங்கள் நிலைமை என்றால், ஓபிஇசட்எஸ் விலையைக் கேட்கும்போதே லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் விலையையும் கேட்டு, மேலே சொன்ன அதே யூனிட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த எல்லையில் ஈயம் எல்லா இடத்திலும் வெல்வதில்லை.

தேர்வு முடிந்து வாங்கப் போகும்போது: தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், ஏனென்றால் அலமாரியில் இருக்கும்போதும் பேட்டரி தானே இறங்குகிறது, சார்ஜ் இல்லாமல் ஆறு மாதம் கிடந்ததில் சல்ஃபேட் ஏறியிருக்கும். சுமையில்லாத மின்னழுத்தம் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 12.4க்குக் கீழே காட்டினால் வேறொன்று கேளுங்கள். உத்தரவாதத்தில் முழு மாற்று எத்தனை மாதம், விகிதாச்சாரக் கழிவு எத்தனை மாதம் என்று பிரித்துக் கேளுங்கள். "60 மாதம்" என்ற பெரிய எழுத்துக்குள் முழு மாற்று பாதியளவே இருக்கலாம், மீதி மாதங்களில் புதிய பேட்டரிக்குச் சிறு தள்ளுபடி மட்டும்.

பல பேட்டரிகளைச் சேர்த்து வைப்பதானால் ஒரே வகை, ஒரே தயாரிப்பு, ஒரே வயது. பழைய மூன்றோடு புதியது ஒன்றைச் சேர்த்தால் புதியதும் பழையவற்றின் வயதுக்கு இறங்கிவிடும். திரவ அமில வகை என்றால் மாதம் ஒரு முறை முழு சார்ஜுக்குப் பிறகு ஹைட்ரோமீட்டரால் ஒவ்வொரு செல்லின் அமிலத்தின் ஒப்படர்த்தியையும் (நீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பதை) அளந்து எழுதி வையுங்கள். நிரம்பிய நிலையில் வகையைப் பொறுத்து 1.240 முதல் 1.280 வரை இருக்கும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.030 குறைந்தால் சமன்செய் சார்ஜ் கொடுத்துப் பாருங்கள். குறைந்ததற்கு அமிலம் ஊற்றாதீர்கள், ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே.

கடைசிக் கணக்கு பழைய பேட்டரியுடையது. எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு ஈயம் என்பதால் கனமான பேட்டரிக்குத் திரும்பக் கிடைக்கும் பணமும் கூடுதல், அதை வாங்கிய விலையில் கழித்துப் பார்த்தால் டியூபுலரின் கூடுதல் விலை இன்னும் கொஞ்சம் குறையும். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமோ விற்ற கடையிலோ மட்டும் கொடுங்கள். கூடுதல் விலை தருவதாகச் சொல்லி வீட்டுப்புறத்தில் உடைத்து உருக்குபவர்களிடம் போனால், அந்த ஈயத் தூசி அங்கே விளையாடும் குழந்தைகளின் இரத்தத்தில் போய்ச் சேருகிறது.